பழுதுபார்க்கக் கொடுத்த வகையில் டயர் மூன்று

மாயவனின் பஞ்சர் கடையில் பழைய டயர் பத்து நாளைக்கு மேல் தங்கியது கிடையாது. வரதராஜன்பேட்டையிலிருந்து ஒருவர் வாரம் தவறாமல் வந்து, சேர்ந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுவார். அவர் கைக்குப் போன லாரி டயர் கிணற்று வாளியாகும், செருப்பாகும், ஆடு தண்ணீர் குடிக்கிற தொட்டியாகும். ஒரு துண்டு ரப்பர் வீணாகாது. அப்படிப்பட்ட கடையில் மூன்று டயர்கள் மட்டும் நாலு வருடமாக அசையாமல் கிடந்தன என்றால், அவை அரசாங்கத்தின் டயர்களாகத்தான் இருக்க வேண்டும். அவை அப்படித்தான் இருந்தன.

கடை, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில், ஓடைப்பாலம் தாண்டி இடதுகைப் பக்கம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் நாள் முழுக்கப் போய்வருகிற ரோடு என்பதால் பஞ்சருக்குப் பஞ்சமில்லை. எழுபத்தெட்டில் ஒரு நாள் ஒன்றிய ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. டிரைவர் தங்கராசு மூன்று புது டயர்களை இறக்கி மாட்டச் சொன்னார். மாட்டி முடித்ததும் பழைய மூன்றையும் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

“மாயவா, இது கவர்மெண்டு சொத்து. பத்திரமா வச்சிரு. திங்கக்கிழம வந்து எடுத்துக்கறேன்.”

எந்தத் திங்கட்கிழமை என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. தங்கராசு அடுத்த வருடம் ரிட்டயர் ஆகி மீன்சுருட்டியில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாயவன் அன்றைக்கே ஒரு காரியம் செய்தான். வெள்ளைப் பெயிண்டு எடுத்து மூன்று டயர்களிலும் ‘அரசு’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தான். திருடனுக்குப் பயந்து இல்லை, தன் கைக்கே பயந்து. அவசரத்தில் மற்றதோடு மற்றதாக வாளிக்காரரிடம் தூக்கிப் போட்டுவிட்டால் நாளைக்கு யார் பதில் சொல்வது? அரசாங்கப் பொருளைத் தொலைத்தவன் பட்ட பாட்டை அவன் கேள்விப்பட்டிருக்கிறான். அரசாங்கப் பொருளைப் பத்திரமாக வைத்திருந்தவன் படுகிற பாட்டை அதுவரை யாரும் பட்டு வந்து அவனிடம் சொன்னதில்லை.

அவன் மனைவி செங்கமலத்துக்கு அந்த டயர்களைக் கண்டாலே ஆகாது.

“கவர்மெண்டு சொத்துன்னா கவர்மெண்டு வூட்டுல இருக்கணும். நம்ம வாசல்ல எதுக்கு இருக்கு?” என்பாள்.

“வருவாங்க” என்பான் மாயவன்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் உண்மையாகவே வந்தார்கள். ஆனால் வந்தது வேறு இலாகா.

சுகாதார ஆய்வாளர் பழனிவேல் சைக்கிளில் வந்தார். கேரியரில் நீளக் காம்பு வைத்த கரண்டி, சட்டைப் பையில் டார்ச். மலேரியாவை ஒழிக்க மேலிடத்திலிருந்து கொடுக்கப்பட்ட ஆயுதங்கள் அவ்வளவுதான். அவர் நேராக அந்த மூன்று டயர்களிடம் போனார். உள்ளே டார்ச் அடித்தார். கரண்டியால் ஒரு தடவை மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. ஒரு மாதமாக அவருக்குப் புழு கிடைக்கவில்லை, மேலதிகாரி கோபமாக இருந்தார்.

“இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா?”

“மழத் தண்ணிங்க சார்.”

“உமக்குத் தண்ணி. கொசுவுக்கு இது பிரசவ ஆஸ்பத்திரி. எங்க ஆஸ்பத்திரியில கூட இத்தன பிரசவம் நடக்கறதில்ல. அங்க டாக்டர் வரணும், இங்க அதுவும் வேணாம்.”

பழனிவேல் நோட்டீசு எழுதினார். மேற்படி மூன்று டயர்களையும் பாதுகாப்பாகவும் சட்டப்படியும் அப்புறப்படுத்த வேண்டும். தவறினால் கடைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கச் சுகாதாரத் துறை சிபாரிசு செய்யாது.

லைசென்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மாயவன் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தான். அவன் அப்பா ஆயுள் பூராவும் பிறத்தியார் வயலில் குனிந்தவர், பிறத்தியார் களத்தில் உட்கார்ந்தவர், அவர்கள் எழுந்திரு என்றதும் எழுந்தவர். மாயவன்தான் ஒன்றியத்துக்குத் தரைவாடகை கட்டி, புறம்போக்கில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அவன் வம்சத்தில் எழுந்திரு என்று யாரும் சொல்ல முடியாத முதல் இடம் அதுதான். அந்த உட்காரலுக்கு வருடா வருடம் மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒன்றிய ஆபீசில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். பஞ்சர் ஒட்டுவதை அரசாங்கம் ‘அபாயகரமான மற்றும் அருவருப்பான தொழில்’ என்ற தலைப்பில் சேர்த்திருந்தது. அதற்காக அவன் வருத்தப்பட்டதில்லை. தலைப்பு எதுவானால் என்ன, கொட்டகை இருந்தால் சரி.

“அப்புறப்படுத்திடறேன் சார். கொளுத்திடட்டுங்களா?”

“கொளுத்தக் கூடாது. பொகை.”

“பொதச்சிடறேன்.”

“நெலத்தடி நீர் கெட்டுப் போகும். கூடாது.”

“வாளி பண்றவருக்குக் குடுத்துடறேன்.”

பழனிவேல் டயரைக் காட்டினார். “அரசுன்னு எழுதியிருக்கு. அரசாங்கச் சொத்த வாளி பண்ணுவியா நீ?”

“அப்ப நான் என்னதான் சார் பண்றது?”

“சட்டப்படி அப்புறப்படுத்தணும்.”

“சட்டப்படின்னா எப்படிங்க?”

“அதத்தான சொல்றேன். அப்புறப்படுத்தணும்” என்றார் பழனிவேல், பாடம் புரியாத பிள்ளையிடம் வாத்தியார் பொறுமை காட்டுவதுபோல. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் மாயவன் கடையைச் சாத்தினான். வெறும் வண்டியாகத் திரும்பிய ஒரு சுண்ணாம்புக்கல் லாரியில் மூன்று டயர்களையும் ஏற்றிக்கொண்டு ஒன்றிய ஆபீசில் போய் இறங்கினான். சொந்தக்காரனிடம் சொத்தைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்பது அவன் நினைப்பு. நியாயமான நினைப்புதான். நியாயமாக நினைக்கிறவர்கள் ஆபீசுக்குப் போகும்போது துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சாமான்களுக்குப் பொறுப்பான கிளார்க்கு இளையபெருமாள். நெற்றியில் திருமண், மேசையில் ஒரு கூஜா, கூஜாவுக்கு அடியில் இருப்புப் பதிவேடு. அவர் பதிவேட்டைப் புரட்டி, விரலை வரிவரியாக ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“இருக்கு. ‘டயர் மூன்று, பழுதுபார்க்கக் கொடுத்த வகையில்.’ தங்கராசு கையெழுத்து. பாத்தியா, எங்ககிட்ட எதுவும் தப்பாது.”

“சந்தோசங்க சார். வாங்கிக்கங்க.”

“பழுது பாத்தாச்சா?”

“தேஞ்சு போச்சுங்க சார். உள்ள நூலு தெரியுது. இதுல எதப் பழுது பாக்கறது?”

“அப்ப இதக் கண்டம் பண்ணணும்.” கண்டம் பண்ணுவது என்றால் இனி உதவாது என்று எழுதிக் கழித்துவிடுவது. ஆபீசில் எல்லாரும் ஆசையாகச் சொல்லுகிற வார்த்தை அது.

“பண்ணிடுங்க சார்.”

“பொருள் ஆபீசுக்கு வந்து சேந்தாத்தான் கண்டம் பண்ண முடியும்.”

“அதான் கொண்டாந்துட்டனே, வாசல்ல கெடக்கு.”

“வாசல்ல கெடக்கு. வந்து சேரல. பழுதுபாக்கப் போன பொருள் பழுதுபாத்துத்தான் வந்து சேர முடியும்.”

மாயவன் யோசித்தான். “எப்படியாச்சும் பழுதுபாத்துக் கொண்டாந்தா கண்டம் பண்ணிடுவீங்களா சார்?”

இளையபெருமாள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “நல்லா இருக்கற டயர யாராச்சும் கண்டம் பண்ணுவாங்களாய்யா? ஆடிட்டு வந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. டயர்களை உருட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். அங்கே பியூன் கையை நீட்டி மறித்தான். அரசு என்று எழுதிய பொருள் ஆபீசை விட்டு வெளியே போக வேண்டுமானால் பாஸ் வேண்டும். மாயவன் மறுபடி உள்ளே போனான்.

“உள்ளயே வராத பொருளுக்கு வெளிய போக எப்படிப் பாஸ் குடுப்பேன்?” என்றார் இளையபெருமாள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பதிவேட்டின்படி அந்த நிமிடம் மாயவனும் டயர்களும் அங்கே இல்லவே இல்லை.

மத்தியானம் வரைக்கும் அவன் கேட்டுக்கு உள்பக்கம், டயர்கள் மேலேயே உட்கார்ந்திருந்தான். கடையில் எத்தனை லாரி வந்து திரும்பிப் போகிறதோ என்று வயிறு எரிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த பியூனுக்கே மனசு இளகிவிட்டது.

“எவ்வளவு நேரம்யா உக்காந்திருப்ப? பின்னாடி காம்பவுண்டு செவுரு இடிஞ்சு கெடக்கு பாரு. எல்லாச் சாமானும் அந்த வழியாத்தான் போகும். நீயும் அப்படியே போ.”

மூன்று டயர்களும் கடைக்குத் திரும்பின. அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு பொருளை அந்தச் சுவர் வழியாகத் தன் இஷ்டமில்லாமல் கொண்டுபோன முதல் ஆள் மாயவனாகத்தான் இருப்பான்.

“தொரத்தி வுட்டுட்டாங்களா?” என்றாள் செங்கமலம்.

“பழுதுபாத்துக் கொண்டாரச் சொல்றாங்க.”

“ஆருக்குப் பழுது? டயருக்கா, அவங்களுக்கா?”

மாயவன் டயர்களைக் குனிந்து பார்த்தான். அவன் வாய்ப்பேச்சுக்காரன் இல்லை, கைவேலைக்காரன். கொசு எதனால் வருகிறது? தண்ணீர் தேங்குவதால். எதனால் தேங்குகிறது? வடிய வழி இல்லாததால். அவன் ஒரு கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொரு டயருக்கும் அடியில் நாலு ஓட்டை போட்டான். அடுத்த மழையில் தண்ணீர் மேலே விழுந்து கீழே போய்விட்டது. ஒரு சொட்டுத் தங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி நாலு வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான்.

பழனிவேல் கரண்டியோடு வந்து பார்த்தபோது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. வறண்ட டயரில் மொள்ள ஒன்றும் இல்லை.

“நல்ல வேலதான். ஆனா ஃபாரத்துல ‘அப்புறப்படுத்தப்பட்டது’, ‘அப்புறப்படுத்தப்படவில்லை’ன்னு ரெண்டு எடம்தான் இருக்கு. ஓட்ட போட்டதுக்கு எடம் இல்லியே.”

“கொசு இல்லீங்களே சார்.”

“கொசு இல்லாதது வேற. டயர் இருக்கறது வேற.”

ஆனாலும் அவர் நல்ல மனிதர். மாயவனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒன்றிய ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார்: மேற்படி நபர் தன் சொந்த முயற்சியில் மூன்று அரசு டயர்களிலும் துளையிட்டு, அவற்றை உபயோகமற்றவையாக்கியிருப்பது பாராட்டுக்குரியது.

நாலாம் நாள் இளையபெருமாள் நேரில் வந்தார். குனிந்து பன்னிரண்டு ஓட்டைகளையும் விரல் விட்டு எண்ணினார்.

“என்ன காரியம் பண்ணிட்ட மாயவா. தேஞ்சது தேய்மானம். தேய்மானத்த அரசாங்கம் ஒத்துக்கும். ஓட்ட போட்டது சேதம். சேதத்துக்குக் கேஸ் உண்டு.”

“உதவாத டயர்தானே சார்.”

“உதவாதுன்னு எழுதினாத்தான் உதவாது. எழுதற வரைக்கும் அது ஓடற டயர்.”

ஏழு நாளைக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார். மாயவன் பன்னிரண்டு ஓட்டைகளையும் அடைத்தான். வெறும் ஒட்டு இல்லை, சூட்டில் வேகவைத்த வல்கனைசிங். லாரிக்காரர்கள் காசு கொடுத்துக் கேட்டாலும் கிடைக்காத சுத்தமான வேலை. இளையபெருமாள் வந்து தடவிப் பார்த்து, இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு ஏன் இப்படி நடந்துகொள்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார். கார்த்திகை மழை வந்தது. மூன்று டயர்களும் விளிம்பு வரை நிறைந்தன. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பழனிவேலும் வந்தார். மொண்டார். முகம் மலர்ந்தார். “மறுபடி வளர்க்க ஆரம்பிச்சிட்டீரா?” என்று கேட்டு இரண்டாவது நோட்டீசு கொடுத்தார்.

அன்றைக்குத்தான் மாயவனுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. யார் மேல் வருவது என்று தெரியாமல் வந்த கோபம். பழனிவேல் மேல் வைத்தால் அவர் கொசுவைத்தானே சொல்கிறார் என்று நழுவியது. இளையபெருமாள் மேல் வைத்தால் அவர் பதிவேட்டைத்தானே படிக்கிறார் என்று நழுவியது. கடைசியில் டயர் ஒன்றை ஓங்கி உதைத்தான். கால்தான் வலித்தது. உதைத்ததை யாராவது பார்த்தார்களா என்று உடனே ரோட்டை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

சிறுவாச்சூர் கோயிலுக்குத் திங்கட்கிழமை போகிற செங்கமலம் அந்த வாரம் காளியிடம் மூன்று டயர்களைப் பற்றித்தான் முறையிட்டாள். மாயவன் அதே திங்கட்கிழமை ஒன்றிய ஆணையாளரிடம் மனுக் கொடுத்தான். எந்த மனு வேலை செய்தது என்று தெரியாது. ஆணையாளர் மனுவைப் படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு சொன்னார்:

“ஒரு சாதாரணக் குடிமகன் இந்த அளவுக்கு அலையக் கூடாது. நாங்களே உங்க எடத்துக்கு வரோம். கமிட்டி போடறேன்.”

மாயவன் கையெடுத்துக் கும்பிட்டான். வரும்போது ரோடெல்லாம் வெளிச்சமாக இருந்ததாக அவனுக்குத் தோன்றியது.

தை மாதத்தில் ஒரு முற்பகல் கமிட்டி வந்தது. ஆணையாளர், இளையபெருமாள், பழனிவேல். டீக்கடையிலிருந்து நாற்காலிகள் வந்தன. மாயவன் கடையைக் கழுவி, வாசலில் தண்ணீர் தெளித்து, மூன்று டயர்களையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தான். ஆயுத பூஜைக்கு வைப்பது போலத்தான் வைத்தான். பிரிந்து போகிற பொருள், நல்லபடியாகப் போகட்டும் என்ற நினைப்பு. ரோட்டில் போன லாரிக்காரர்கள் நாலைந்து பேர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் ஆணையாளருக்குப் பேச்சு வந்துவிட்டது.

“அன்பார்ந்த பொதுமக்களே. இந்த மூன்று டயர்களும் நாலு ஆண்டுக் காலம் இந்த எளிய மனிதரின் பொறுப்பில் இருந்திருக்கின்றன. ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. இதே டயர்கள் நம் அலுவலகத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் வெளிப்படையாகப் பேசுகிறவன். போன வருடம் ஒரு டைப்ரைட்டர் போனது. அதற்கு முந்தைய வருடம் ஸ்டெப்னி போனது. காம்பவுண்டு சுவரையே பாதி காணவில்லை. ஆக, அரசுச் சொத்துக்கு நம் அலுவலகம் பாதுகாப்பான இடம் அல்ல என்பதை இந்தக் கமிட்டி மிகுந்த பெருமையோடு கண்டறிந்திருக்கிறது.”

லாரிக்காரர்கள் கை தட்டினார்கள். மாயவனும் தட்டினான்.

“டயர்களை எரிக்கச் சுகாதாரத் துறை சம்மதிக்காது. கழிக்கப் பதிவேடு சம்மதிக்காது. ஆகவே இரு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லாமல், உரிய முடிவு வரும்வரை கூரையின் கீழ், பூட்டின் உள்ளே வைத்துக் காப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். அப்படிப்பட்ட கூரை எங்கே இருக்கிறது என்று தேடினோம். தேட வேண்டியதே இல்லை, எதிரிலேயே இருக்கிறது.”

மாயவன் இதற்கும் தட்டினான். தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். எதிரில் அவன் கடையைத் தவிர வேறு கூரை எதுவும் இல்லை.

இளையபெருமாள் எழுந்து உத்தரவை வாசித்தார். மேற்படி கொட்டகை ஒன்றியத்துக்குச் சொந்தமான புறம்போக்கில் இருப்பதால் இன்று முதல் ஒன்றியக் கிடங்காகக் கொள்ளப்படும். அரசுக் கிடங்கில் தனியார் தொழில் நடத்தல் ஆகாது. ஏற்கெனவே ஒருமுறை துளையிட்ட நபர் கருவிகளோடு உள்ளே இருத்தல் அறவே ஆகாது. மேற்படி நபர் மாலைக்குள் தன் சாமான்களோடு அப்புறப்பட வேண்டும்.

“சார், என் கட?” என்றான் மாயவன்.

“கடைக்கு ஒரு தொந்தரவும் இல்ல” என்றார் ஆணையாளர் அன்பாக. “கடைய நீங்க எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம். கிடங்குதான் எடம் மாறக் கூடாது.”

மூன்று டயர்களையும் உள்ளே படுக்கப் போட்டு, சணல் கயிற்றால் ஒன்றோடு ஒன்று கட்டி, முடிச்சில் அரக்குக் காய்ச்சி ஊற்றி முத்திரை குத்தினார்கள். தட்டிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். காற்றடிக்கும் மெஷினும் தண்ணீர்த் தொட்டியும் இரும்புகளும் ரோட்டோரத்தில் கிடந்தன. ஜீப் கிளம்பும்போது டிரைவர் காற்றைச் சரிபார்க்கச் சொன்னான். மாயவன் பார்த்துக் கொடுத்தான். பழக்கம்.

செங்கமலம் சோற்றுத் தூக்கோடு வந்தவள், ரோட்டோரச் சாமான்களையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எப்போதும் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுகிறவள் அன்றைக்கு ஒன்றுதான் பேசினாள்.

“டயர எடுங்கன்னா ஆள எடுத்துட்டாங்க.”

எதிர்ச்சாரியில் ஒரு புளியமரம். மாயவன் அதனடியில் சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான். வெயில் நகர நகர அவனும் நகர்ந்தான். அவன் அப்பா அப்படித்தான் களத்து மேட்டில் நிழலைத் தேடி நகர்ந்து உட்காருவார். அது நினைவுக்கு வந்தபோது அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிடங்குக்குக் காவலாளி வேலை ஒன்று சாங்ஷன் ஆனது. மாயவன் ஓடிப்போய் மனுப் போட்டான். தன் கடையில் தான் உட்கார வேறு வழி தெரியவில்லை. எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். அவன் ஐந்தாவதோடு நின்றவன். வேலை இளையபெருமாளின் மச்சினன் கொளஞ்சிக்குப் போனது. பத்தாவதில் மூன்று முறை தவறியவன் என்பதால் தகுதி தேவைக்கு மேலேயே இருந்தது. கொளஞ்சி காக்கிச் சட்டை போட்டு, பூட்டுச் சாவியை இடுப்பில் செருகி, மாயவனின் ஸ்டூலில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக் காவல் காத்தான். கிடங்கு வாசலில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஒரு போர்டு வந்தது: அந்நியர் உள்ளே வரக் கூடாது. உத்தரவுப்படி.

மார்ச் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பழனிவேல் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“பிடிங்க. லைசென்ஸ். நானே சிபாரிசு பண்ணி வாங்கிட்டு வந்தேன். மாயவன்கிட்ட ஒரு பழைய டயரு கெடயாது, ஒரு புழு கெடயாதுன்னு எழுதினேன். சட்டப்படி போனா எல்லாம் நடக்கும், பாத்தீங்களா?”

மாயவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். தொழில் நடத்தும் இடம்: கதவிலக்கம் 4/17, பஞ்சர் கடை. இந்த உரிமம் மேற்படி இடத்துக்கு மட்டுமே செல்லும்.

“4/17 அதோ இருக்கு சார். அங்கதான் என்ன உள்ள வுட மாட்டேங்கறாங்களே.”

“அது வேற டிபார்ட்மெண்டு” என்றார் பழனிவேல். கிளம்பப் போனவர், ஞாபகம் வந்தவராகத் திரும்பினார். “ஒண்ணு சொல்லிடறேன். இந்த மரத்தடியில தொழில் பண்ண இது செல்லாது. தெரிஞ்ச ஆளுன்னு நானும் பாக்காத மாதிரி போறேன். எத்தன நாளைக்குப் போக முடியும், சொல்லுங்க. அடுத்த வாரத்துக்குள்ள முறைப்படி அங்க மாறிடுங்க.”

அவர் போன பிறகு மாயவன் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தான். கிழித்துப் போட மனம் பரபரத்தது. கிழிக்கவில்லை. அதிலும் மேலே அரசு என்று போட்டிருந்தது.

கொட்டகைக்குக் கீற்று மாற்ற வேண்டிய பருவம் வந்து போனது. வருடா வருடம் பங்குனியில் மாயவன் மாற்றிவிடுவான். இப்போது அது அரசாங்கக் கூரை, பொதுப்பணித் துறை எஸ்டிமேட் போட வேண்டும். சித்திரையில் கோடை மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. கூரையில் நாலைந்து இடத்தில் ஓட்டை, கீழே கட்டிப்போட்ட மூன்று டயர்கள். பன்னிரண்டு ஒட்டும் உறுதியாக நின்றன.

மழை விட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நல்ல உச்சி வெயிலில் கொளஞ்சி போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். பல் தந்தியடித்தது. காலையில் வந்த பழனிவேல் அவன் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு, மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அரசுக் கிடங்கைச் சோதனை போட ஆணையாளரின் அனுமதி வேண்டும், எழுதியிருக்கிறேன், வரும் என்று சொல்லியிருந்தார்.

“அண்ணே” என்று கொளஞ்சி ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். குரல் சரியாக எழும்பவில்லை. மாயவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு லாரிக்கு வழிவிட்டு, ரோட்டைத் தாண்டி வந்தான்.

“கொசு புடுங்குதுண்ணே. உள்ள கால் வைக்க முடியல. டயருல தண்ணி நெறஞ்சு கெடக்கு. நான் கவுத்தா சீலு உடைஞ்சிடும், வேல போயிடும். தெம்பும் இல்ல. ஒங்களுக்குத்தான் கைப்பழக்கம். முத்திரைக்கு ஒண்ணும் ஆவாம கொஞ்சம் சாய்ச்சு வுட்டுட்டுப் போங்கண்ணே. ஒங்க கடதானே.”

மாயவன் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தான். ரப்பர் வாசனை வந்தது. நடு மூங்கில் கம்பத்தில், பதினாறு வருடம் அவன் முதுகு சாய்ந்த இடம் வழவழவென்று கறுத்திருந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும். அவன் காலைத் தூக்கினான். போர்டு கண்ணுக்கு நேராக இருந்தது. தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்துவிட்டான்.

“நான் அந்நியன்ப்பா. உள்ள வரக் கூடாது” என்றான். “நீ வேணும்னா வெளிய வா. மரத்தடியில கொசு இல்ல. வந்து படுத்துக்க.”

“டூட்டி நேரத்துல வெளிய இருந்தா எழுதிடுவாங்கண்ணே” என்றான் கொளஞ்சி, போர்வையை இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கொண்டு.

வாசலுக்கு இந்தப் பக்கம் மாயவன் நின்றான், அந்தப் பக்கம் கொளஞ்சி நடுங்கிக்கொண்டிருந்தான். உள்ளே மூன்று டயர்களும் பத்திரமாக இருந்தன.